கேமரா வெட்டிவிடும் அந்தப் பத்து நாட்கள்

"சார், டிவியில ஏழே நாள்ல ஒரு முழு வீட்டையே கட்டிக் கொடுத்துடறாங்க. நீங்க ஒரு பாத்ரூமுக்கு இருபத்திரண்டு நாள் கேக்கறீங்களே?"

போன மாதம் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டம்மா என்னிடம் கேட்டது. அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. சென்னையில் பழைய வீடுகளையும் பிளாட்டுகளையும் புதுப்பிக்கும் வேலையைத்தான் பத்தொன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு டைல்ஸை போட்டோ எடுத்து வந்து, "இதே மாதிரி போடணும்" என்பார்கள். இப்போது செல்போனில் வீடியோ காட்டுகிறார்கள். பழைய குளியலறையை ஒருவர் சம்மட்டியால் அடிக்கிறார், இசை மாறுகிறது, அடுத்த காட்சியில் பளபளக்கும் புது அறை. இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் வீட்டின் ஆயுள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த அம்மா சொன்ன நிகழ்ச்சி பொய் இல்லை. 2003இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' அது. கஷ்டப்படும் ஒரு குடும்பத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் ஏழு நாளில் வீட்டைக் கட்டி முடிப்பார்கள். அதற்கு இரவு பகலாக ஷிப்ட் போட்டு நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரத்தூண், அதன் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை. அதுதான் சுவர். ஒயரும் பைப்பும் நடுவில் உள்ள காலி இடத்தில் ஓடிவிடும். தண்ணீர் விட்டுக் குழைக்கும் வேலை அந்தச் சுவரில் மிகக் குறைவு.

நம் வீடு செங்கலும் சிமென்ட்டும். அடி முதல் நுனி வரை ஈர வேலை. சுவரை வெட்டிப் பைப் பதித்தால் பூச வேண்டும், பூசினால் தண்ணீர் காட்ட வேண்டும், ஈரம் போன பிறகே அடுத்த அடுக்கு. அந்த ஊர்க் கால அட்டவணையை இங்கே கொண்டுவந்தால் சிமென்ட்டின் வயிற்றில்தான் அடிக்கிறோம்.

சிமென்ட்டைப் பற்றி நிறைய பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது காய்ந்து இறுகுகிறது என்று நினைக்கிறார்கள். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் கல்லாகிறது. முழு பலத்தை அளக்க 28 நாள் கணக்கு வைத்திருப்பதும் அதனால்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றச் சொல்கிறது. சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 10 நாள். வெயிலும் வறட்சியுமான இடத்தில் 14 நாள் வரை போகலாம் என்கிறது. இன்று கடையில் போய் ஒரு மூட்டை கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது பி.பி.சி.தான். சித்திரை வெயிலில் மதியம் பூசிய சுவருக்கு மறுநாள் ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றாமல் பட்டி பார்க்கத் தொடங்கினால், ஆறு மாதத்தில் மயிரிழை வெடிப்புகள் வலை போலப் படரும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று.

மூன்றாம் மாடி பிளாட். ஒரு இன்டீரியர் நிறுவனம் "ஐந்து நாளில் புது பாத்ரூம்" என்று சொல்லி, சொன்னபடியே முடித்துக் கொடுத்திருந்தது. பார்க்க அத்தனை அழகு. சாம்பல் நிற பெரிய டைல்ஸ், சுவரில் மறைந்த சிஸ்டர்ன், கண்ணாடித் தடுப்பு. மூன்றாவது மாதம் கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரையில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம் விழுந்தது. பிறகு பூச்சு உப்பி, உப்புப் பூத்து, ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் கால்மாட்டில் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கால்மாட்டில். இரண்டு குடும்பங்களும் பதினைந்து வருடப் பழக்கம். நான் போனபோது பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

தரையைப் பத்து ரூபாய் நாணயத்தால் தட்டினேன். கெட்டியாகப் பதிந்த டைல்ஸ் 'டிக்' என்று ஒலிக்கும், அடியில் காலியாக இருந்தால் சத்தம் பொள்ளலாக வரும். அங்கே மூன்று டைல்ஸுக்கு ஒன்று பொள்ளல். ஒன்றை நெம்பினோம். முழுசாக, உடையாமல் கையோடு வந்துவிட்டது. பின்புறத்தில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டை கலவை. மிச்சமெல்லாம் காற்று. டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் வழியே இறங்கிய தண்ணீர் அந்தக் காலி இடத்தில் குளம் கட்டி நின்றிருக்கிறது. அதோடு அது விட்ரிஃபைடு டைல்ஸ். எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத வகை. வெறும் சிமென்ட் பாலை அது பிடித்துக்கொள்ளவே கொள்ளாது. அதற்கென்று இருக்கும் பசையைப் பல் வைத்த கரண்டியால் கோடு கோடாக இழுத்து, டைல்ஸை அழுத்தி அசைத்து உட்கார வைக்க வேண்டும்.

அதற்கும் கீழே நீர்க்காப்புப் பூச்சு இருந்தது. இல்லாமல் இல்லை, நல்ல கம்பெனிப் பூச்சுதான். விரல் நகத்தால் சுரண்டினால் பால் ஆடை போல உரிந்து வந்தது. அடித்தளம் ஈரமாக இருக்கும்போதே அடித்திருக்கிறார்கள், முதல் கோட் காயும் முன் இரண்டாவது கோட், அன்று மாலையே டைல்ஸ். எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும், எத்தனை நாள் விட வேண்டும் என்று அந்த டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தது. காலி டப்பா பால்கனியில் செடி வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அந்த எழுத்துகளை அந்த வீட்டுப் பையன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான்.

அந்த வேலையைச் செய்த கொத்தனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அஞ்சாவது நாள் சாவி கொடுக்கணும்" என்று மேலேயிருந்து ஒருவர் நிற்கும்போது அவர் என்ன செய்வார்? தெரிந்த தொழிலைத் தெரியாதவர் மாதிரி செய்ய வைத்தது அந்தக் கெடுதான். மொத்தத்தையும் உடைத்து, கீழ்வீட்டுக் கூரையையும் சேர்த்துச் சரிசெய்ய முதலில் ஆனதைவிட அதிகம் செலவானது.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எல்லாமே இப்படி அவசரத்தை விற்பவை என்று சொல்லிவிட முடியாது. 1979இல் பாஸ்டனில் தொடங்கிய 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' முதல் சீசன் முழுக்க, பதின்மூன்று வாரம், டார்செஸ்டர் என்ற பகுதியில் ஒரே ஒரு பழைய வீட்டைத்தான் காட்டியது. அதில் வந்த தச்சர் நார்ம் ஆப்ராம் பின்னாளில் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகமானார். ஒரு தச்சர் தன் வேலையை நிதானமாக விளக்குவதைக் கேட்க மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை. கனடாவின் மைக் ஹோம்ஸ் தன் 'ஹோம்ஸ் ஆன் ஹோம்ஸ்' நிகழ்ச்சியில் அடுத்தவர் செய்து கெடுத்த வேலையைப் பிரித்து, உள்ளே என்ன தவறு என்று காட்டிவிட்டுத்தான் சரிசெய்வார். உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதானால் இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பாருங்கள் என்பேன்.

சம்மட்டி அடிக்கும் காட்சி பற்றி ஒரு வார்த்தை, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தூணும் உத்தரமுமாகக் கட்டிய பிளாட்டில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுக்க வழி உண்டு, அதையும் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே தொட வேண்டும். ஆனால் பழைய தனி வீடுகள் பலவற்றில் ஒன்பது அங்குலச் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அங்கே தூண் கிடையாது. முறையாக முட்டுக் கொடுத்து, உத்தரம் போட்டு எடுக்காமல் அந்தச் சுவரை இடித்தால் மேலே இருப்பது எங்கே போகும்? டிவியில் அந்த முதல் அடிக்கு முன்னால் ஒரு பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட காட்சி இருந்திருக்கும். அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

வீட்டு வேலை தொடங்கப்போகிறவர்கள் கொட்டேஷன் வாங்கும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எந்தெந்த நாளில் ஆள் வராது, ஏன் வராது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மேஸ்திரி உடனே சொல்வார்: "இந்தப் பத்து நாள் பூச்சு ஆறணும் மேடம், காலையும் சாயந்திரமும் தண்ணி மட்டும் நீங்க காட்டிடுங்க." அப்படிச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள், அவர் கூலி நூறு இருநூறு கூட இருந்தாலும் பரவாயில்லை. பைப்பும் ஒயரும் பதித்ததும், மூடுவதற்கு முன், சுவரில் டேப்பை வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது கும்பிடுவீர்கள். தண்ணீர்க் குழாயில் அழுத்தச் சோதனை செய்யாமல் சுவரை மூட விடாதீர்கள். கடைசித் தவணைப் பணத்தை, குளியலறையைச் சில வாரம் புழங்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதியில் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அதே நேரம், பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுத்துவிட வேண்டும். ஆறும் நாட்களில் கொத்தனாருக்கு வேறு சைட் இருக்கிறதா என்று நான் முன்கூட்டியே பார்த்துக்கொள்வேன். அவர் வீட்டு அடுப்பு எரியாமல் என் பூச்சு மட்டும் பொறுமையாக ஆற வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை.

மடிப்பாக்கம் வீட்டுக்கு வருகிறேன். அந்த அம்மா அரை மனதோடுதான் இருபத்திரண்டு நாளுக்கு ஒப்புக்கொண்டார். பழையதை எடுத்து, மூலைகளை மழுக்கி, எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வைத்துத் தளம் போட்டு, ஆறவிட்டு, நீர்க்காப்பு இரண்டு கோட் அடித்து, அதையும் ஆறவிட்டோம். ஒரு புதன்கிழமை மாலை தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பைச் சாக்குத் துணி சுருட்டி அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தினோம். நீர்மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. 48 மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. வியாழக்கிழமை அவர் மூன்று தடவை எனக்கு போன் செய்தார். "சார், கோடு அப்படியே இருக்கு."

வெள்ளி மாலை போனேன். தண்ணீர் கோட்டைவிட்டு ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, அது காற்றில் போனது. அந்த அம்மாவே டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னோடு கீழ்வீட்டுக்கு இறங்கி வந்தார். ஸ்டூல் மேல் ஏறிக் கூரையைப் புறங்கையால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அவரும் ஏறித் தடவிப் பார்த்தார், இரண்டு இடத்தில், மூலையில் ஒரு தடவை.

மேலே வந்து அடைப்பை எடுத்தோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. எல்லாம் வடிந்த பிறகு ஜன்னல் பக்க மூலையில் உள்ளங்கை அளவு மட்டும் நின்றது. நான் சொல்வதற்குள் மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டார்.

"டைல்ஸ் பதிக்கறப்போ இந்த மூலையில ஒரு நூல் ஏத்திப் பிடிக்கச் சொல்றேன் சார்."

"அதுக்கு ஒரு நாள் கூட ஆனாலும் பரவாயில்ல மேஸ்திரி," என்றார் அந்த அம்மா.