மூன்று எண்கள் போதும்

"இரண்டிலும் சமக்குறிதானே இருக்கிறது? ஒன்றை ஏன் சமன்பாடு என்றும் இன்னொன்றை முற்றொருமை என்றும் சொல்கிறோம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கணிதவியலாளர் ராபர்ட் ரெக்கார்டு 1557இல் அச்சில் கொண்டுவந்த அந்த இரட்டைக் கோடு, அன்றிலிருந்து இரண்டு வேலை பார்க்கிறது.

2க + 1 = 7 என்பது நம்மைத் தேடச் சொல்கிறது. க = 3 என்றால் மட்டுமே அது சரி. (க + 3)² = க² + 6க + 9 அப்படியில்லை. எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும். முற்றொருமையும் ஒரு சமன்பாடுதான், ஆனால் எல்லா எண்களும் அதற்குத் தீர்வு. தேர்வில் பலர் எழுதும் (க + 3)² = க² + 9 கூட முழுப் பொய் அல்ல. க = 0 என்ற ஒரே இடத்தில் அது உண்மை!

சரி, எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று எப்படி நம்புவது? விரித்துக் காட்டலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: 0, 1, 2 மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் 9, 16, 25 என்று ஒத்துப்போகின்றன. அவ்வளவுதான், நிரூபணம் முடிந்தது.

எப்படி? ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழியுங்கள். மிஞ்சும் கோவையின் படி, அதாவது அதில் வரும் க-வின் மிக உயர்ந்த அடுக்கு, 2ஐத் தாண்டாது. க = 0 எனும்போது அது பூஜ்ஜியம், ஆகவே க அதன் காரணி. க = 1 எனும்போதும் பூஜ்ஜியம், ஆகவே (க − 1) இன்னொரு காரணி. இரண்டு காரணிகளிலேயே படி தீர்ந்துவிட்டது. ஆகவே கோவை ம × க × (க − 1) என்றுதான் இருக்க முடியும். ம வெறும் எண். இப்போது க = 2 என்று போடுங்கள். 2ம கிடைக்கிறது. அதுவும் பூஜ்ஜியமாக வேண்டுமென்றால் ம பூஜ்ஜியம். மொத்தக் கோவையும் மறைந்துவிடுகிறது! மூன்றே எண்களைச் சோதித்து முடிவில்லாத எண்களுக்கு உறுதி வாங்கிவிட்டோம். படி 5 என்றால் ஆறு எண்கள் வேண்டும்.

முற்றொருமைகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பில் இதையும் பத்து நிமிடம் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூத்திரம் மறந்துபோனாலும், எழுதியது சரியா என்று மாணவரே சோதித்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இது பல்லுறுப்புக் கோவைகளுக்கே, அதாவது க, க², க³ போன்ற அடுக்குகளை எண்களால் பெருக்கிக் கூட்டிய கோவைகளுக்கே பொருந்தும். சைன்(180க பாகை) = 0 என்பதில் 1, 2, 3 என எத்தனை முழு எண்களைப் போட்டாலும் சரியாக வரும். அங்கே படி என்று ஒன்று இல்லாததால் காரணிகள் தீர்ந்துபோவதே இல்லை. க = ½ என்று போட்டால் இடப்பக்கம் 1 ஆகிவிடும்.