ஏஜென்ட் படிக்கும் நாலு வரி

"நான் எழுதிய ஏபிஐ பிழையில்லாமல் ஓடுகிறது. ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்தால் மட்டும் தப்புத்தப்பாக அழைக்கிறது. மாடலை மாற்றிப் பார்க்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு முன், அந்த ஏபிஐயை ஏஜென்ட்டுக்கு ஒரு டூலாக, அதாவது கருவியாக, அறிமுகப்படுத்த எழுதிய குறிப்பை அனுப்பச் சொன்னேன். ஒரே வரிதான் வந்தது: "தரவைப் பெறும்." வானிலை முன்னறிவிப்பு தரும் டூலாம். அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை வாங்கும் வாசல், ஏஜென்ட் என்பது மொழி மாடலைச் சுற்றிக் கட்டிய நிரல். இவை தெரிந்த கதை. மாடல் அந்த வாசலை எப்படித் தட்டுகிறது என்பதுதான் நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத இடம்.

அது தட்டுவதே இல்லை. மொழி மாடலுக்குக் கைவந்த வேலை ஒன்றுதான்: அடுத்த டோக்கனை, அதாவது அடுத்த சொல்லை அல்லது சொல்துண்டை, கணித்து எழுதுவது. டூலின் பெயர், அது செய்யும் வேலையின் விளக்கம், தேவையான உள்ளீடுகளையும் அவற்றின் வடிவத்தையும் சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகிய மூன்றையும் மாடல் படிக்கும் உரையிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். "நாளை மழை வருமா?" என்று பயனர் கேட்டதும், மாடல் "வானிலை டூல், இடம் இது, தேதி இது" என்று ஒரு சீட்டு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. வெளியே இருக்கும் நிரல் சீட்டை எடுத்து, உண்மையான ஏபிஐயை அழைத்து, கிடைத்த விடையை உரையின் கடைசியில் ஒட்டி மறுபடி மாடலிடம் நீட்டுகிறது. மாடல் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறது. இடையில் ஏதோ ஒரு சர்வர் உழைத்தது அதற்குத் தெரியாது. விடை வர இரண்டு நொடி ஆனாலும் இரண்டு மணி நேரம் ஆனாலும் அதற்கு ஒன்றுதான். உரையில் புதிதாகச் சில வரிகள் வந்திருக்கின்றன, அவ்வளவே.

ஆகவே டூலின் உள்ளே இருக்கும் நிரலை மாடல் ஒருநாளும் பார்ப்பதில்லை. மனித நிரலர் சந்தேகம் வந்தால் நிரலைத் திறந்து பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், ஒருமுறை சூடுபட்டால் நினைவில் வைப்பார். ஏஜென்ட்டுக்கு இந்த நாலு வரிதான் கதி. அதையும் ஒவ்வொரு உரையாடலிலும் முதன்முறையாகப் படிக்கிறது.

இப்போது "தேதி" என்ற உள்ளீட்டைப் பாருங்கள். 03/04 என்றால் மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? "இடம்" என்றால் ஊர்ப்பெயரா, ஆயத்தொலைவா? ஆயத்தொலைவு என்றால் எது முதலில்? வரைபடத் தரவை எழுதப் பயன்படும் ஜியோஜேசன் வடிவத்தில் நெட்டாங்கு முதலில் வரும். பேச்சு வழக்கிலோ அகலாங்கைத்தான் முதலில் சொல்வோம். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததே இப்படித்தான். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை கணக்கில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

ஸ்கீமா காப்பாற்றாதா? பாதி காப்பாற்றும். சில அமைப்புகளில், ஸ்கீமாவை மீறும் டோக்கன்களின் நிகழ்தகவை எழுதும் கணத்திலேயே பூஜ்யமாக்கிவிடுவார்கள். மாடல் நினைத்தாலும் வடிவம் தவறாது. ஆனால் 2025-03-04 என்பது வடிவத்தில் கச்சிதமான, பொருளில் ஒரு மாதம் தள்ளிப்போன தேதியாக இருக்கலாம். அங்கே கைகொடுப்பது விளக்கம் மட்டுமே.

வாசகரின் குறிப்பை இப்படி மாற்றினேன்: "ஓர் ஊரின் வானிலை முன்னறிவிப்பைத் தரும். இன்றிலிருந்து 7 நாள் வரை மட்டும். கடந்த நாட்களின் மழையளவுக்கு இதை அழைக்க வேண்டாம். அதற்கு வானிலைப் பதிவு டூல் இருக்கிறது. தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில்." எப்போது அழைக்கக் கூடாது என்று சொல்லும் அந்த மூன்றாவது வரிதான் என் செல்லம். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும் டூல்களுக்கு நடுவே ஏஜென்ட் தடுமாறுவது பெரும்பாலும் அது இல்லாததால்தான்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான், ஏனென்றால் அதுவும் உரையில் ஒட்டப்படுகிறது. "பிழை 400" என்று வெறும் எண் வந்தால் மாடல் அதே சீட்டை மறுபடி எழுதிக்கொண்டிருக்கலாம். "தேதி 7 நாளைத் தாண்டுகிறது" என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்ள வழி உண்டு.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிடாதீர்கள். எல்லா டூல்களின் குறிப்புகளும் ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கன்களைத் தின்னும். இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது: வரிக்கு வரி "மிக மிக முக்கியம்", "கட்டாயம்" என்று தூவுவது. யாரோ பலித்ததாகச் சொன்னாராம். மந்திரம் ஓதுவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இருபது கேள்விகளை எழுதிவைத்து, பழைய குறிப்போடும் புதிய குறிப்போடும் ஓட்டி, எத்தனை அழைப்பு சரி என்று எண்ணிப் பார்த்தால் முடிந்தது. மாடலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை, இந்தக் குறிப்புகளை எழுதிச் சோதிப்பவர்களுக்கு ஒதுக்கினால் நல்லது.

புதிய குறிப்பை வாசகருக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. "நாளை மழை வருமா" என்று கேட்டால், இன்று என்ன தேதி என்பது யாராவது உரையில் எழுதிவைத்தால் ஒழிய மாடலுக்குத் தெரியாது. அந்த வரியை நானும் விட்டிருந்தேன்.