உடனொளிர்வு நுண்ணோக்கி: ஒளிர்வது கருவியா, மாதிரியா?

"அதிநவீன ஒளிரும் நுண்ணோக்கி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது." ஒரு பல்கலைக்கழக அறிவிப்பில் இந்த வரியை மறுபடியும் பார்த்தேன். வாங்க நினைப்பது புளோரசன்ஸ் நுண்ணோக்கி, அதாவது மாதிரியின் மேல் ஒளியைச் செலுத்தி, அது திருப்பி உமிழும் ஒளியில் அதைப் பார்க்கும் கருவி. அறிவிப்பைப் படித்தால் இருட்டில் மினுக்கும் ஒரு கருவிதான் மனதில் வருகிறது.

மூலச் சொல்லின் கதை சின்னது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் குயினைன் கரைசல் வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தருவதை, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் ஆராய்ந்து 1852இல் எழுதினார். அதே குணம் கொண்ட புளோர்ஸ்பார் என்ற கனிமத்தை வைத்துப் பெயரும் சூட்டினார். உலோகம் உருக்கும்போது எளிதில் இளகி ஓடுவதற்காகப் போடும் கல் அது. 'புளோர்' என்றால் லத்தீனில் ஓட்டம். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து நமக்கு ஒரு பயனும் இல்லை.

நிகழ்வைப் பார்த்துப் பெயர் வைத்தால் 'உடனொளிர்வு' சரியாக வருகிறது. ஒளி பட்டதும் ஒளிரும், பொதுவாகச் சில நானோ விநாடிகளில் அடங்கிவிடும். ஒளியை நிறுத்திய பிறகும் நீடித்தால் நின்றொளிர்வு. மின்மினியுடையது உயிரொளிர்வு, அதற்கு வெளியிலிருந்து ஒளியே வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்தான் ஒளிர்வு. பொதுப்பெயரைத் தூக்கி ஒரு வகைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவை எங்கே போகும்?

'தூங்கும் அறை' என்கிறோமே, அறையா தூங்குகிறது என்று சிலர் மடக்குவார்கள். அறை தூங்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே குழப்பம் வராது. நுண்ணோக்கி அப்படியா? பள்ளிக்கூட நுண்ணோக்கியிலேயே இன்று அடியில் எல்இடி விளக்கு எரிகிறது. அதையும் ஒளிரும் நுண்ணோக்கி என்று விலைப்புள்ளியில் எழுதிக் கொடுத்தால் எந்த வாயால் மறுப்பது? பெயரெச்சம் அடுத்து நிற்கும் பெயரைத்தான் முதலில் பற்றும். உண்மையில் இங்கே ஒளிர்வது கண்ணாடித் தகட்டில் சாயமேற்றி வைத்த செல்.

உள்ளே போனால் இன்னும் வேடிக்கை. செல்லுக்குள் அடையாளமாகப் பயன்படுத்தும் மேம்படுத்திய பச்சை ஒளிர் புரதத்தைப் பார்க்க 488 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி, 509 அளவில் உச்சம் கொண்டு வெளிவரும் ஒளியைப் பிடிக்க வேண்டும். செலுத்தும் ஒளிக்கு ஒரு வடிகட்டி, வெளிவரும் ஒளிக்கு ஒன்று, நடுவே இரண்டையும் பிரிக்கும் இருநிற ஆடி. முதலாவது, மாதிரியைக் கிளரச் செய்யும் ஒளியை மட்டும் விடுவது; அதைக் 'கிளர்ச்சி வடிகட்டி' என்று எழுதுகிறார்கள். மறியல் செய்பவர்களை வடிகட்டும் போலிருக்கிறது! கிளர்வு வடிகட்டி, உமிழ்வு வடிகட்டி என்றால் போதாதா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் வேலைக்கு மொழிபெயர்ப்பு என்று பெயர்.

நான் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரன் இல்லை. உடனொளிர்வு நாக்கில் வரவில்லையா, சரி, 'புளோரசன்ஸ் நுண்ணோக்கி' என்றே போடுங்கள். விற்பவருக்காவது புரியும்.

அப்புறம் அந்த 'அதிநவீன'. லேசர் புள்ளியால் வருடி, குவியத்துக்கு வெளியே உள்ள ஒளியை ஊசித்துளையால் தடுக்கும் இணைகுவிய வகையா? 2014இல் வேதியியல் நோபல் பெற்ற மீநுண் பிரிதிறன் வகையா? சாதாரண வகை ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது, மீநுண் வகை காட்டும். இந்த மூன்றுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். எது வேண்டும் என்பதை எழுதிவிட்டு 'அதிநவீன'வை அடித்துவிடலாம்.