ஆஃப்ஷோரிங்: அக்கரைப் பணிப்பெயர்ப்பு

குன்னூரில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க வங்கிக்கு நிரல் எழுதுபவர், "நான் ஆஃப்ஷோர் டீம்" என்கிறார். சொந்த மண்ணில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? அந்தச் சொல் அமெரிக்கக் கரையில் நின்று பார்க்கிறது.

ஆஃப் என்றால் விலகி, ஷோர் என்றால் கரை. நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றுக்கும், கரைக்கு அப்பால் நிற்கும் கப்பலுக்கும் வழங்கிய மாலுமிச் சொல் இது. பிறகு கடல் நடுவே தோண்டிய எண்ணெய்க் கிணற்றுக்கும், வரி குறைந்த தீவுகளின் வங்கிக் கணக்குக்கும் ஆனது. ஒரு நாட்டின் வேலையை வேறு நாட்டுக்கு மாற்றுவதற்கு வந்தது அதன்பின்.

இதை அவுட்சோர்சிங்கோடு குழப்பக் கூடாது. கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலை தன் ஜிஎஸ்டி கணக்கைக் கோவை ஆடிட்டரிடம் கொடுத்தால் அது வெளிப்பணி. கை மாறியது, நாடு மாறவில்லை. அமெரிக்க வங்கி கோவையில் தானே அலுவலகம் திறந்து அங்குள்ள வேலையை இங்கே கொண்டுவந்தால் ஆஃப்ஷோரிங். நாடு மாறியது, கை மாறவில்லை. இரண்டும் சேர்ந்து நடப்பதும் உண்டு. உதகை இந்து நகரில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் (எச்பிஎஃப்) ஆலையில் போன வேலைகள் இந்தக் கணக்கில் சேரா. ஏற்கெனவே நட்டத்தில் இருந்த ஆலை அது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் சுருளுக்கான தேவையும் அற்றுப்போனது. அந்த வேலை வேறு நாட்டுக்கு இடம்பெயரவில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கடல்கடத்தல்' என்றால் கள்ளக்கடத்தல் போல ஒலிக்கும். 'பணிப்பெயர்ச்சி' என்றால் குருப்பெயர்ச்சி போல வேலை தானே நகர்ந்ததாகிவிடும். வேலை தானாக நகர்வதில்லை, நிர்வாகம் நகர்த்துகிறது. எனவே மொழிபெயர்ப்பு போலப் 'பணிப்பெயர்ப்பு'. முன்னால் 'அக்கரை' சேர்த்தால், எந்தக் கரையிலிருந்து பார்க்கிறோம் என்ற கேள்வி கூடவே வரும். இடையின ரகரம்தான், றகரம் போட்டால் கரிசனம் ஆகிவிடும்.

வேலையை இழப்பவருக்கு நேர்வது 'கேடி' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) எனப்படும் அறிவுக் கைமாற்றத்தில் தொடங்குகிறது. முதலில் தன் வேலையைக் குறிப்பாக எழுதித் தர வேண்டும். பிறகு புதியவர் அருகிருந்து பார்ப்பார். அடுத்துப் புதியவர் செய்ய, பழையவர் பார்ப்பார். இதை முடித்தால்தான் வேலையை விட்டு அனுப்பும்போது தரும் பிரிவுத்தொகை என்று நிபந்தனை போடுவதும் உண்டு. தன் இடத்துக்கு வருபவரைத் தானே பழக்கச் சொல்வது கொடுமை. மாதக் கடைசியில் எந்த நிரல் ஏன் நின்றுபோகும் என்பது போன்ற அனுபவம் குறிப்பில் ஏறாது. கைமாற்றம் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். சோதனை, பராமரிப்பு போன்ற தொடக்கநிலை வேலைகள் முதலில் போவதால், புதிதாகப் படித்து வருபவருக்கு ஏணியின் கீழ்ப்படி இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 பேருக்குக் குறையாத நிறுவனம் பெருமளவு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழந்தோருக்கான மறுபயிற்சித் திட்டமோ 2022இல் காலாவதியானது.

அதே வேலையை நாளை கோவையிலிருந்து மணிலாவுக்கு மாற்றினால், பணிப்பெயர்ப்பில் இழப்பவர் நம்மவர். குன்னூரில் இருப்பவர் 'ஆஃப்ஷோர் டீம்' என்பதை விட்டு, மின்னஞ்சலில் 'குன்னூர் அணி' என்றே எழுதலாம்.