ஏணி ஏன் சறுக்குகிறது? படம் போட்டுப் பார்ப்போம்

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது நான் பலகையில் வரைவது ஒரே ஒரு சாய்ந்த கோடு. அதுதான் ஏணி. சுவர், தரை, ஏறும் ஆள் எதுவும் படத்தில் இருக்காது. ஏணியின் மீது செயல்படும் விசைகளுக்கு மட்டும் அம்புக்குறி போடச் சொல்வேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் தனித்த பொருள் விசைப்படம்தான் இது.

எடைகளைப் பெரும்பாலும் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஏணியின் எடை நடுவில், ஆளின் எடை அவர் நிற்கும் படியில், இரண்டும் கீழ்நோக்கி. குழப்பம் சுவரிடம் வரும்போது ஆரம்பிக்கும். ஏணி சுவரைத் தள்ளுகிறது என்று சுவர்ப் பக்கமாக ஓர் அம்பு போடுவார்கள். அப்படி ஒரு விசை இருப்பது உண்மை, ஆனால் அது சுவரின் படத்தில் போட வேண்டியது. ஏணியின் படத்தில் வருவது சுவர் ஏணியைத் திருப்பித் தள்ளும் விசை. நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் ஜோடியில் ஒன்றுக்குத்தான் ஒரு படத்தில் இடம். இரண்டையும் போட்டால் கணக்கில் அடிபட்டுப்போய், ஏணிக்கு ஆபத்தே இல்லை என்பது போலத் தெரியும்.

சரி, மிச்சத்தைப் பார்ப்போம். தரை ஏணியை மேல்நோக்கித் தாங்குகிறது. பெயின்ட் அடித்த சுவரின் உராய்வை நம்ப முடியாது, விட்டுவிடலாம். அப்படியானால் சுவரின் தள்ளலை எதிர்க்க ஏணியின் அடியில் தரை தரும் உராய்வு ஒன்றுதான் இருக்கிறது.

15 கிலோ ஏணி, 70 கிலோ ஆள், தரையிலிருந்து சாய்வு 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அவர் பாதி உயரத்தில் நிற்கும்போது தேவைப்படும் உராய்வு சுமார் 245 நியூட்டன். உச்சிக்குப் போனால் 447. தரை தாங்கும் விசையோ எப்போதும் 850 நியூட்டன்தான். அதாவது தேவையான உராய்வுக் குணகம் (உராய்வைத் தரையின் தாங்கலால் வகுத்தால் வரும் எண்) 0.29-இலிருந்து 0.53-க்கு ஏறுகிறது. தூசி படிந்த டைல்ஸ் தரையில் அது கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன். “நாலு படி ஏறிப் பார்த்தேன் சார், அசையவே இல்லை” என்பதெல்லாம் சோதனையே இல்லை.

இதே ஏணியை 75 டிகிரியில் வைத்தால் உச்சியில்கூட 0.25 போதும். நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வை என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. அதைவிட நிமிர்த்தி வைத்தால் ஆளோடு பின்பக்கம் சாயும், அது வேறு வம்பு.

குண்டான ஆள் ஏறினால் சறுக்கும் என்பார்கள். 60 டிகிரி சாய்வில் 90 கிலோ ஆளைப் போட்டுப் பாருங்கள், குணகம் 0.54 வரும். எடை கூடும்போது தரையின் தாங்கலும் கூடவே ஏறுவதால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏணி உடையுமா என்பதற்குத்தான் எடை முக்கியம்.

அப்புறம் அந்த ஏணி பிடிக்கும் ஆள். பக்கத்தில் நின்று கையால் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் படத்தில் உருப்படியான புது அம்பு எதுவும் வராது. 60 கிலோ உதவியாளர் கடைசிப் படியில் ஏறி நின்றால் தரையின் தாங்கல் 1450 நியூட்டனாகிறது, குணகம் சுமார் 0.33-க்கு இறங்குகிறது. அவர் போன் வந்து நகர்ந்துவிட்டால் மறுபடி 0.53. அதனால் என் தளங்களில் ஏணியின் அடியைக் கயிற்றால் தூணோடு இழுத்துக் கட்டச் சொல்கிறேன். அந்தக் கயிற்றின் அம்பு உராய்வு அம்பின் திசையிலேயே போகும், டைல்ஸில் தண்ணீர் கொட்டினாலும் குறையாது.