கிளவுடில் டேலி ஓடுகிறதா? முதலில் 3389-ஐ மூடுங்கள்

புதுவயல் அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தான் பங்களா ஹோட்டல், காரைக்குடி ஆடிட்டர் அலுவலகம் என்று கணக்கைக் கிளவுடுக்கு மாற்றியவர்கள் நம் வட்டாரத்தில் பலர். மும்பையிலோ சென்னையிலோ உள்ள டேட்டா சென்டரில் ஒரு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் (வாடகைக்கு எடுத்த சர்வர்), அதில் டேலி. கடையிலிருந்து கணக்குப்பிள்ளை, வீட்டிலிருந்து முதலாளி, பினாங்கிலிருந்து பங்காளி, ஜி.எஸ்.டி. தாக்கல் நேரத்தில் ஆடிட்டர் என எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் வருகிறார்கள். அந்த வழியின் போர்ட் எண், அதாவது சர்வரில் அது நுழையும் வாசலின் எண், 3389. யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் அதற்கு எதிரே 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று இருந்தால், இணையத்தில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் உங்கள் லாகின் வரைக்கும் வந்து தட்டலாம்.

தட்டுகிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணை வடிகட்டுங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அவை. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட் என்ற பெயர்களில், நீங்கள் கேள்விப்படாத ஐ.பி. முகவரிகளிலிருந்து வரிசையாக வந்திருக்கும். உங்கள் கடையைக் குறிவைத்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இணையம் முழுவதையும் தானாகத் துழாவும் நிரல்கள் இவை. போர்ட்டை 3389-லிருந்து 50000-க்கு மாற்றினால் பதிவில் சத்தம் குறையும், ஆபத்து குறையாது. எல்லாப் போர்ட்டையும் துழாவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாஸ்வேர்டு வலுவாக இருந்தால் போதாதா? போதாது. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 போன்றவற்றில் லாகினுக்கு முன்பே உள்ளே நுழைய முடிந்தது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. லினக்ஸ் பக்கமும், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன் எஸ்.எஸ்.எச். மென்பொருளில் 2024 ஜூலையில் இதே வகை ஓட்டை ஒன்று வெளியானது. அடுத்த ஓட்டை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும் நாளில் நம் போர்ட் வெளியே தெரிகிறதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இது தெரிந்தும் ஏன் திறந்தே கிடக்கிறது? சோம்பல் மட்டும் காரணமில்லை. சர்வரை அமைத்துத் தந்தவர் பெரும்பாலும் சரியாகத்தான் ஆரம்பித்திருப்பார்: கடையின் ஐ.பி. முகவரிக்கு மட்டும் அனுமதி. ஆனால் இங்கே கிடைக்கும் சாதாரண ஃபைபர் இணைப்பிலும் மொபைல் டேட்டாவிலும் அந்த முகவரி நிலையானதல்ல. ரூட்டரை அணைத்துப் போட்டால் மாறிவிடும். ஒரு நாள் காலை லாகின் ஆகாது, மாலைக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். 'இன்னிக்கு மட்டும் திறந்து விடுங்க தம்பி' என்று போன் போகும். அந்த 'இன்னிக்கு மட்டும்' வருஷக் கணக்கில் நீடிக்கும். முகவரியை மட்டும் அனுமதிப்பதிலும் ஒரு குறை உண்டு. ஒரே பொது ஐ.பி.யை நிறையச் சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து தரும் இணைப்பாக இருந்தால், நீங்கள் அனுமதித்தது உங்கள் கடையை மட்டுமல்ல, முகந்தெரியாத அத்தனை பேரையும்தான்.

ஆகவே ஆளை முகவரியால் அடையாளம் காண்பதை விட்டுவிட்டு, சாவியால் அடையாளம் காணும் வழிக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு.

சிறு கடைக்கு எங்கள் பரிந்துரை வயர்கார்டு என்ற வி.பி.என்., அதாவது உங்கள் கருவிக்கும் சர்வருக்கும் நடுவே இணையத்தில் போடும் தனிப் பாதை. வெளியே திறப்பது யு.டி.பி. 51820 என்ற போர்ட் ஒன்றுதான். சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் அது பதிலே சொல்லாது. அதனால் துழாவுகிறவனுக்கு அங்கே ஒன்றும் இல்லாததுபோலவே தெரியும். லேப்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி போடுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும். பகிர்ந்த ஐ.பி. இணைப்பில் சற்று நேரம் சும்மா இருந்தால் தொடர்பு அறுந்ததுபோல் ஆகும். தொடர்பு உயிரோடிருக்க இடைவிடாமல் சிறு செய்தி அனுப்பும் கீப்அலைவ் மதிப்பை 25 விநாடி என்று வைத்தால் அந்தப் புகார் வராது. அடிக்கடி காணும் பிழை இன்னொன்று: கிளையன்ட் பக்கம், அதாவது கடைக் கம்ப்யூட்டரில், அனுமதித்த முகவரிகளின் (AllowedIPs) இடத்தில் 0.0.0.0/0 போட்டுவிடுவது. அப்புறம் கடையில் பார்க்கும் யூடியூப்கூட சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். வேகம் குறையும், கிளவுட் டேட்டா கட்டணம் ஏறும். வி.பி.என்.னின் உள் முகவரி வரம்பை மட்டும் எழுதுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலிலும் 3389 விதியை அதே வரம்புக்குச் சுருக்குங்கள்.

கிளவுட் நிறுவனங்களே தரும் வழிகளும் உண்டு. கூகுள் கிளவுடில் ஐ.ஏ.பி. (கூகுள் கணக்கைச் சரிபார்த்து உள்ளே விடும் சேவை) வழியாக வந்தால், ஃபயர்வாலில் 35.235.240.0/20 என்ற வரம்பை மட்டும் அனுமதித்தால் போதும், மெஷினுக்குப் பொது ஐ.பி.யே வேண்டாம். அமேசானில் இதே வேலையைச் செய்யும் செஷன் மேனேஜருக்கு உள்வரும் போர்ட் எதுவும் தேவையில்லை. மெஷினிலுள்ள ஏஜென்ட்தான் 443 வழியாக வெளியே பேசுகிறது. மெஷின் பட்டியலில் வராவிட்டால் இரண்டைப் பாருங்கள்: மெஷினுக்கு அனுமதி தரும் ஐ.ஏ.எம். ரோல் விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் வெளிச்செல்லும் 443 அடைபட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் பாஸ்டியன் என்ற சேவை பிரவுசரிலேயே வேலை செய்யும். ஆனால் அதன் வழக்கமான வகைகளுக்குக் குறைந்தது /26 அளவில் (64 முகவரிகள்) தனி சப்நெட், அதாவது உள் நெட்வொர்க்கில் தனிப் பகுதி, வேண்டும், பயன்படுத்தாத மணிக்கும் கட்டணம் ஓடும். ஒற்றை சர்வர் வைத்திருப்பவர் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும்.

எதைத் தேர்ந்தாலும் வேலையின் வரிசை முக்கியம். புது வழியை அமைத்து, இரண்டு வெவ்வேறு ஆட்கள், இரண்டு வெவ்வேறு இணைப்பிலிருந்து உள்ளே போய்ப் பார்த்த பிறகே பழைய விதியை நீக்குங்கள். கிளவுட் போர்ட்டலின் சீரியல் கன்சோல் (நெட்வொர்க் இல்லாமலே மெஷினுக்குள் போகும் வழி) வேலை செய்கிறதா என்றும் முன்பே பார்த்துவையுங்கள். எல்லா வழியும் அடைபட்டால் அதுதான் கைகொடுக்கும்.

மூடிவிட்டோம் என்று நினைத்த பிறகும் திறந்திருக்கும் இடங்கள் உண்டு. அமேசானில் ஒரே மெஷினுக்கு இரண்டு செக்யூரிட்டி குரூப் (ஃபயர்வால் விதித் தொகுப்பு) இருந்தால் அனுமதிகள் எல்லாம் கூட்டப்படும். ஒன்றில் மூடி மற்றதில் விட்டால் மூடவில்லை என்றே பொருள். அஷூரில் சிறிய முன்னுரிமை எண்தான் முதலில் செல்லும். 300-ல் தடை எழுதியும் 100-ல் பழைய அனுமதி இருந்தால் அனுமதிதான் ஜெயிக்கும். புதிய வகை முகவரிகளான ஐ.பி.வி.6 பக்கம் ::/0 (அங்கேயும் எல்லா முகவரிகளும்) என்று தனி விதி இருக்கிறதா பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கடைசியில் வி.பி.என்.னை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து ஒரு முறை இணைத்துப் பாருங்கள். இணையக் கூடாது.

சர்வருக்குள் நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்: விண்டோஸ் சர்வர் நிர்வாகத்துக்கென்று ஒரே நேரத்தில் இரண்டு ரிமோட் லாகின்களை மட்டுமே அனுமதிக்கும். ஐந்து பேர் வேண்டுமென்றால் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான ஆர்.டி.எஸ். லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கச் சில இடங்களில் விண்டோஸின் கோப்பையே மாற்றி ஒட்டுப்போட்ட மென்பொருளைப் போட்டுத் தருகிறார்கள். விண்டோஸ் அப்டேட் வந்தால் அந்த ஒட்டு உடையும் என்பதால் அப்டேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். லைசென்ஸில் மிச்சமான பணம் சர்வரின் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. உங்கள் சர்வரில் கடைசி அப்டேட் எந்தத் தேதியில் ஏறியது என்று இன்றே கேளுங்கள்.

அடுத்தது, எல்லோருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு. டேலியில் பில் போட அட்மின் உரிமை தேவையில்லை, டேட்டா ஃபோல்டரில் எழுதும் உரிமை போதும். ஆளுக்கொரு சாதாரண யூசர் உண்டாக்குங்கள். அட்மின் கணக்கு தனியாக, பராமரிப்புக்கு மட்டும். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜென்ட்டுகளுக்கு நம்மவர்கள் தவணை வைத்துத்தான் அதிகாரம் கொடுத்தார்கள். வெளியாள் ஒருவர் சர்வரைச் சரிபார்க்க வரும்போதும் அப்படியே முடிவுத் தேதி போட்டுக் கொடுங்கள். விண்டோஸ் யூசர் கணக்கிலேயே அதற்கு இடமிருக்கிறது.

தவறான பாஸ்வேர்டுக்குக் கணக்கைப் பூட்டும் ஏற்பாட்டைப் போர்ட்டை மூடிய பிறகு வையுங்கள். திறந்திருக்கும்போது வைத்தால் துழாவும் நிரல்களே உங்கள் கணக்கைப் பூட்டி, உங்களை வெளியே நிறுத்திவிடும்.

லினக்ஸ் மெஷின் வைத்திருப்போர் எஸ்.எஸ்.எச்.சில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டோம் என்று நம்பிவிட வேண்டாம். அமைப்புக் கோப்பில் முதலில் வரும் மதிப்புதான் செல்லும். உபுண்டு லினக்ஸில், மெஷினை முதலில் அமைக்கும் கிளவுட்-இனிட் என்ற நிரல் எழுதிய துணைக் கோப்பு ஒன்று முன்னதாகப் படிக்கப்பட்டு, பாஸ்வேர்டை அனுமதித்துக்கொண்டிருக்கலாம். உண்மையில் நடப்பில் இருக்கும் மதிப்புகளைக் காட்டச் சொல்லிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இத்தனையும் செய்து, கிளவுட் போர்ட்டலின் தலைமைக் கணக்கு சர்வர் போட்டுத் தந்தவரின் ஈமெயிலிலும் போன் எண்ணிலும் இருந்தால் பயனில்லை. அது முதலாளியின் பெயரில், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும். பேக்கப்பை அதே மெஷினின் டி டிரைவில் மட்டும் வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். ஸ்னாப்ஷாட்டுகளை (டிஸ்க்கின் நகல்களை) அழிக்கும் உரிமை அன்றாடம் பயன்படுத்தும் கணக்கிடம் இருக்கக் கூடாது.

பதிவுகளையும் கவனியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி பதிவின் இயல்பான அளவு 20 எம்.பி. மட்டுமே. தாக்குதல் நடந்தால் சீக்கிரமே நிரம்பிப் பழையவை அழிந்துவிடும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. சர்வரில் விபரீதம் நடந்திருப்பது தெரிந்தால் எதையும் அழிக்காதீர்கள், உடனே மறுபடி இன்ஸ்டால் செய்யவும் ஓடாதீர்கள். கிளவுட் ஃபயர்வாலில் உள்வருவதையும் வெளிச்செல்வதையும் அடைத்து, டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுத்து, வேறு கம்ப்யூட்டரிலிருந்து போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.