பென்குயினை ஐஸில் வைக்காதீர்கள்

கரை ஒதுங்கிக் கிடக்கும் பென்குயினைப் பார்த்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது ஐஸ்தான். தெற்கு பிரேசில் கடற்கரைகளில் குளிர்காலம்தோறும் இது நடக்கிறது. அர்ஜென்டினாவின் படகோனியாவிலிருந்து இரை தேடி வடக்கே வரும் மெகல்லன் பென்குயின்களில் இளம் பறவைகள் பல, களைத்துப் போய்க் கரையேறும். யாராவது இரக்கப்பட்டு அதைத் தூக்கி ஐஸ்பெட்டியில் வைத்து மீட்பு மையத்துக்குக் கொண்டுவருவார்கள். வந்து சேரும்போது பறவை குளிரில் விறைத்திருக்கும்.

கடற்பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான்: பென்குயினின் உடலுக்குள் வெப்பம் சுமார் 38, 39 டிகிரி செல்சியஸ். அதைக் காப்பாற்றுபவை தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும், தண்ணீர் புகாமல் நெருக்கமாக அடுக்கிய இறகுகளும். பட்டினி கிடந்த பறவைக்குக் கொழுப்பு இருக்காது. எண்ணெய் பட்டிருந்தால் இறகும் பயன்படாது. அப்படிப்பட்ட பறவையை ஐஸில் வைத்தால் உயிரே போய்விடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, உலர்ந்த துண்டு, சத்தமில்லாத இடம், இவை போதும். வாயைத் திறந்து தண்ணீரோ மீனோ திணிக்காமல் உடனே மீட்பு மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

பென்குயின் என்றாலே பனிதான் என்ற எண்ணம் இந்தத் தவறுக்குப் பின்னால் இருக்கிறது. சுமார் 18 வகைப் பென்குயின்களில் அண்டார்டிகா நிலப்பரப்பில் வாழ்பவை சில மட்டுமே. ஆப்பிரிக்கப் பென்குயின் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வாழ்கிறது. ஹம்போல்ட் பென்குயினுக்குப் பெரு, சிலி நாடுகளின் பாலைவனக் கரை. காலபாகஸ் பென்குயினோ பூமத்திய ரேகையை ஒட்டி எரிமலைப் பாறைகளில் குடியிருக்கிறது.

இவை வாழும் இடங்களில் நிலம் சூடு, கடல் குளிர்ச்சி. ஹம்போல்ட், பெங்குவேலா, குரோம்வெல் நீரோட்டங்கள் குளிர்ந்த நீரையும் அதோடு மீனையும் கொண்டுவருகின்றன. அந்தக் குளிர்ந்த கடலுக்காக உருவான உடம்போடு இந்தப் பறவை வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. கழற்ற முடியாத கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோடைக்காலத்தில் நிற்பதைப் போலத்தான் இது.

அதற்கு உடல் கண்டுபிடித்திருக்கும் வழிகள் அற்புதமானவை. அண்டார்டிகாவின் எம்பரர் பென்குயின் 40 கிலோ வரை வளரும். காலபாகஸ் பென்குயின் இரண்டு, இரண்டரை கிலோதான். உடம்பு சிறிதானால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். ஆப்பிரிக்கப் பென்குயினின் கண்ணுக்கு மேல் இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் இருக்கும். சூடு ஏற ஏற அங்கே ரத்தம் அதிகம் பாயும், நிறமும் அடர்த்தியாகும். துடுப்பு போன்ற இறக்கைகளை விரித்து நிற்பதும் சூட்டை வெளியேற்றத்தான். காலபாகஸ் பென்குயின் முன்னால் குனிந்து தன் கால்களுக்கு இறக்கையால் நிழல் கொடுக்கும். இதெல்லாம் போதாதபோது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதில் உடம்பின் தண்ணீர் செலவாவதால் அதிக நேரம் தாங்காது.

வாய் பிளந்து, இறக்கை விரித்து நிற்கும் பென்குயினைக் கண்டால் அழகாகப் போஸ் கொடுக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போகாதீர்கள். முக்கியமாக, அதற்கும் கடலுக்கும் நடுவில் நிற்காதீர்கள். கடலில் இறங்குவதுதான் அதற்கான மருந்து.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இறகு உதிர்க்கும் பருவத்தில் பழைய இறகு முழுவதும் ஒரேயடியாகக் கொட்டிப் புது இறகு முளைக்கும். ஆப்பிரிக்கப் பென்குயினுக்கு இது ஏறக்குறைய மூன்று வாரம். அதுவரை கடலில் இறங்க முடியாது, சாப்பாடும் கிடையாது. கந்தலாகத் தெரியும் அந்தப் பறவையை நோயாளி என்று நினைத்துத் தண்ணீருக்குள் விரட்டிவிடுகிறார்கள். விரட்டாமல் விட்டாலே அது பிழைத்துக்கொள்ளும். காலபாகஸ் பென்குயின் பொதுவாக முட்டையிடுவதற்கு முன்பே இறகு மாற்றிவிடும். குறிப்பிட்ட மாதம் என்று இல்லாமல், இரை கிடைக்கும் காலம் பார்த்து இனப்பெருக்கம் செய்யும்.

இந்தத் தகவமைப்புகளுக்கும் எல்லை இருக்கிறது. 2019 ஜனவரி 19 அன்று அர்ஜென்டினாவின் புன்டா டோம்போவில் நிழலிலேயே 44 டிகிரி வெப்பம் பதிவானது. குறைந்தது 354 மெகல்லன் பென்குயின்கள் செத்தன. அதில் 264 வளர்ந்த பறவைகள். பல, உடலில் நீர் வற்றி இறந்தவை. கடல் சூடானாலும் ஆபத்துதான். 1982-83 எல் நினோவில் குளிர்ந்த நீர் மேலே வருவது தடைபட்டு மீன் குறைந்தபோது, காலபாகஸ் பென்குயின்களின் எண்ணிக்கை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

வெயிலோடு மனிதனும் சேர்ந்துகொண்டதற்கு ஆப்பிரிக்கப் பென்குயின் உதாரணம். தீவுகளில் நூற்றாண்டுகளாகக் குவிந்திருந்த பறவை எச்சத்தில் வளை தோண்டி அவை முட்டையிட்டன. உள்ளே வெயில் படாது. 19-ஆம் நூற்றாண்டில் உரத்துக்காக அந்த எச்சத்தைச் சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் பல பறவைகள் திறந்த வெளியிலும் புதர் அடியிலும் கூடு கட்ட வேண்டியதாயிற்று. வெயில் பொறுக்காமல் அடைகாக்கும் பறவை கடலுக்குப் போனால், முட்டை கடல்காகத்துக்கு இரையாகிறது. நிழல் தரும் செயற்கைக் கூடுகள் வைப்பதன் காரணம் இதுதான். அதிலும் காற்றோட்டமில்லாத கூடு உள்ளே கொதிக்கும் என்பதால், எந்தப் பொருளில் செய்கிறோம் என்பது மிகவும் முக்கியம்.

வெப்பமான ஊர்களின் உயிரியல் பூங்காக்களில் "ஐஸே இல்லையே, பாவம்" என்று வருந்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இருப்பது ஹம்போல்ட் அல்லது ஆப்பிரிக்கப் பென்குயின் என்றால் ஐஸ் தேவையில்லை. நிழல் இருக்கிறதா, குளம் சுத்தமாக இருக்கிறதா, கொசு தடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். கொசு பரப்பும் பறவை மலேரியாவும், நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நோயும்தான் கூண்டுப் பென்குயின்களை அதிகம் கொல்பவற்றில் சேரும்.

2024-இல் ஆப்பிரிக்கப் பென்குயின், அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. மீதமிருப்பவை 10,000 ஜோடிக்கும் குறைவு. முக்கியக் காரணம் மத்தியும் நெத்திலியும் கிடைக்காததே. இறகு உதிர்க்கும் பட்டினிக்கு முன் கொழுப்பு சேர்க்க முடியாத பறவைக்கு எந்தத் தகவமைப்பும் கைகொடுக்காது. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்ற உத்தரவின்படி, முக்கியமான ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி இந்த மீன்களைப் பிடிக்கும் வணிகப் படகுகளுக்கு 10 ஆண்டுத் தடை வந்திருக்கிறது. அதே ஆறு இடங்களில் நல்ல கூடுகளும் இந்த 10 ஆண்டுகளுக்குள் போதுமான அளவு வைக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை.